கோலும் காலும்

‘படுத்த படுக்கை’ என்றொரு தொடர் நம்மவர் பேச்சிலே வழங்குகின்றது. ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்வியுற்றால், என்ன நோய், எத்தனை நாள் என்று விசாரிப்பதற்கு முன்னரே நம் மனம் முடிவை எண்ணிக்கொள்கின்றது. மாறாக, ‘இப்பொழுது எழுந்து நடமாடுகிறார்’ என்று யாரேனும் சொல்லிவிட்டால் போதும். நோய் தணிந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. படுக்கையைச் சாவின் பக்கத்திலும், நடையை வாழ்வின் பக்கத்திலும் வைத்தே நம் முன்னோர் பேசிப் பழகினர். முப்பது ஆண்டுகளாக மாணாக்கருக்கு இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் நான், இத்தொடர்களின் பொருளைச் சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்திலேதான் உள்ளபடி அறிந்தேன். அறிந்த விதம் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும், அதனை எழுதுவதால் வேறொரு வீட்டில் ஒரு முதியவர் எழுந்து நிற்கக் கூடுமாயின், எழுதுவதே முறையெனத் துணிந்தேன்.

பீலிக்கரையில் நிகழ்ந்தது

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறிவரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியை அடைந்ததும் ஒரு கிளையை மேலே விடுகின்றது. அக்கிளை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் செல்வது. நெடுஞ்சாலையோ கொஸ்லாந்தையைத் தொட்டு, வெல்லவாயை நோக்கி இறங்கிவிடுகின்றது. அச்சந்திக்குக் கீழே, தேயிலை மலையொன்றின் சரிவிலே, பழைய லயத்தின் தொங்கற் காம்பராவில் என் அத்தை வாழ்கின்றார். என் தந்தையாரின் தமக்கை அவர். நான் சிறு வயதிலே தாயை இழந்தவன். கொழுந்துக் கூடையைத் தலையிலே தாங்கி, பிரட்டுக்களத்தில் நின்று, பேர் போட்டுப் பெற்ற காசிலே எனக்குப் புத்தகம் வாங்கித் தந்தவர் அவரே. நான் பண்டிதனானது அவருடைய முதுகின்மேல் ஏறி நின்றுதான் என்று சொன்னால் அது அணியன்று, உண்மை.

அத்தைக்கு வயது எழுபத்தொன்பது. அவருடைய மகன், என் மைத்துனர், கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்க்கின்றார். மருமகளே தோட்டத்தில் கொழுந்து பறித்துக் குடும்பத்தைக் காப்பவள். முறைப்படி அவள் எனக்குத் தங்கை.

ஐப்பசி மழையிலே ஒரு விடியற்காலை, குடமெடுத்துக்கொண்டு பீலிக்குச் சென்ற அத்தை, பாசி படர்ந்த கல்லிலே கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். உடைந்த குடத்தைப் பற்றித்தான் அவர் முதலில் வருந்தினாராம். எழ முயன்றார், இயலவில்லை. அயலவர் ஓடிவந்து, ஒரு கம்பளியிலே கிடத்தி, நால்வர் நான்கு முனையும் பற்றித் தூக்கிக் காம்பராவுக்குக் கொண்டுவந்தனர்.

நான் பஸ்ஸேறிப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். அத்தையின் இடக்கால் வலக்காலினும் சற்றுக் குறுகிக் காணப்பட்டது. பாதம் வெளிப்புறமாகத் திரும்பிக் கிடந்தது. இவ்விரு குறிகளையும் நான் கண்ணாற் கண்டேன். ஆனால், அவற்றைப் படிக்கும் கல்வி எனக்கு இருக்கவில்லை.

“சுளுக்குத்தான் தம்பி, ரெண்டு நாள் கெடந்தா சரியாப் போயிரும்” என்றார் அத்தை.

“அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவமா?” என்று தங்கை கேட்டாள்.

“இந்த வயதிலே கத்தி வைக்க விடலாமா? ஆடாமல் அசையாமல் கிடக்கட்டும்” என்று தீர்ப்புச் சொன்னவன் நான். படித்தவன் சொல்லுக்கு லயத்திலே எதிர்ச்சொல் இல்லை. முறிவு நெரிவு வைத்தியர் ஒருவரை அழைத்து எண்ணெய் பூசுவித்தேன். அத்தையை யாரும் அசைக்கலாகாது என்று கட்டளையிட்டேன். அன்பு மிகுதியால் அவ்வாறு செய்தேன். அந்த அன்புதான் அவரைக் கொல்லப் பார்த்தது.

நான்காம் நாளிரவு காய்ச்சல் கண்டது. நெஞ்சிலே சளி கட்டியது. முதுகின் அடியிலே தோல் சிவந்து கன்றியிருந்தது. தங்கை என்னைக் கேட்கவில்லை. தானே 1990 என்னும் இலக்கத்தை அழைத்தாள். 2016 ஆம் ஆண்டிலே இந்திய அரசின் உதவியுடன் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் பரவிய அவ்விலவச நோயாளர் வண்டி, சாலை வரைக்கும் வந்தது. சாலையிலிருந்து லயத்துக்கு வண்டிப்பாதை இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட படிகளை, கதவுப்பலகையிலே கிடந்தபடி, பிள்ளைகளின் தோளிலே ஏறிக் கடந்தார் அத்தை. வலி தாளாது அவர் எழுப்பிய ஓலம் இன்னும் என் செவியை விட்டகலவில்லை.

முறிவது எது?

எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்திலே பிடித்துக் காட்டிய இளம் டாக்டர் அம்மையார், “இடுப்பு முறிந்தது என்று நீங்கள் சொல்வது உண்மையில் தொடை என்பின் கழுத்து முறிவது, ஐயா” என்றார். சொல்லாராய்ச்சியிலே பழகியவனுக்குச் சொல்லாலேயே ஒரு பாடம் கிடைத்தது.

நம் உடலிலே மிக நீண்ட என்பு தொடை என்பு. அதன் மேல்முனை பந்துபோல உருண்டு, இடுப்பென்பிலுள்ள கிண்ணத்திற் பொருந்திச் சுழல்கின்றது. பந்தையும் தண்டையும் இணைப்பது ஒடுங்கிய கழுத்து. உடலின் பாரம் இக்கழுத்தின் வழியாகவே காலுக்கு இறங்குகின்றது. முதுமையிலே என்பின் உட்பகுதி நுண்ணிய துளைகள் பெருகிக் கலகலத்துப் போகின்றது. மாதவிலக்கு நின்ற மகளிரிடத்து இந்நலிவு விரைந்து நிகழும். ஆதலால் இவ்வகை முறிவுக்கு ஆளாகின்ற முதியவர்களிலே நால்வரில் மூவர் பெண்கள். மரத்திலிருந்து விழ வேண்டுவதில்லை. நின்ற நிலையிலிருந்து சரிந்தாலே போதும்.

கையென்பு முறிந்தால் வெளியே சிம்பு வைத்துக் கட்டலாம். நம் நாட்டு வைத்தியர்களின் கைத்திறனை நான் குறைத்துப் பேசேன். அவர்கள் நேர்செய்த கைகள் பல எங்கள் தோட்டத்திலே இன்றும் கொழுந்து பறிக்கின்றன. ஆனால், தொடை என்பின் கழுத்தோ தடித்த தசைகளுக்குள்ளே ஆழப் புதைந்துள்ளது. எந்தச் சிம்பும் அங்கே எட்டாது. மேலும், உருண்டைத் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களுட் பெரும்பாலன அக்கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகுமிடத்து அவையும் அறுபடுவதால், தலை உணவின்றி வாடுகின்றது. அத்தகைய முறிவிலே, தேய்ந்த தலையை நீக்கி உலோகத் தலை பொருத்துவர். கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தால், இரத்த ஓட்டம் பெரும்பாலும் கெடாதிருத்தலின், உலோக ஆணியும் தகடும் கொண்டு இணைப்பர். அத்தைக்கு நேர்ந்தது முன்னையது.

இங்கே இன்னுமொரு செய்தியை வாசகர் மனங்கொள்ள வேண்டும். சில வேளைகளில் முறிந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்ளும். அப்பொழுது முதியவர் நொண்டியபடியே நடக்கவுங்கூடும். நடக்கிறாரே, முறிவில்லை என்று முடிவு செய்துவிடலாகாது. விழுந்தபின் கவட்டிலோ தொடையிலோ முழங்காலிலோ நோவு நீங்காதிருந்தால், படம் எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

கிடத்தலின் கேடு

“நான் ஓய்வு கொடுத்தேனே” என்று டாக்டரிடம் முறையிட்டேன்.

“வாலிபர்களுக்கு அது ஓய்வு, ஐயா. எண்பது வயதுக்கு அது வேறொரு நோய்” என்றார் அவர்.

அசையாது கிடக்கும் முதிய உடம்பிலே நுரையீரல் நன்கு விரியாது. சளி தங்கி நிமோனியாவாகின்றது. கால்களிலே இரத்தம் தேங்கி உறைகின்றது. உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே இறுதி. அழுந்திய இடத்திலே தோல் அழுகிப் படுக்கைப் புண் தோன்றுகின்றது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பசியின்மை என்பன தொடர்ந்து வருகின்றன. தசையோ நாளுக்கு நாள் கரைகின்றது. இடுப்பு முறிந்த முதியவர் நூற்றுவரில் இருபது முதல் முப்பது பேர் வரை ஓராண்டுக்குள்ளே மாண்டுபோகின்றனர் என்பது மேலைநாட்டுக் கணக்கு. அவர்களை மாய்ப்பது பெரும்பாலும் என்பன்று; படுக்கையே. ‘படுத்த படுக்கை’ என்ற தொடரை வழங்கிய நம் பாட்டிமார் இதனை உணர்ந்திருந்தனர். அத்தொடரை வகுப்பிலே விளக்கிய நான் உணரவில்லை.

மேலைநாட்டார் இவ்வுண்மையை எளிதிற் பெற்றுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அங்கேயும் இடுப்பு முறிந்தவரை மாவுக்கட்டிலோ எடை கட்டிய படுக்கையிலோ மாதக்கணக்கிற் கிடத்தினர். பலர் கட்டவிழ்ப்பதற்கு முன்னரே மாண்டனர். 1931 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் சிமித்-பீற்றர்சன் என்பார், மூன்று இதழ் கொண்ட உலோக ஆணியொன்றினால் முறிவை உள்ளே பிணைக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் அமெரிக்கரான ஒஸ்ரின் மூர் முதலியோர் உலோகத் தலைகளை ஆக்கி வழங்கினர். என்பைப் பிணைத்தாற் போதாது, முதியவரை மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும். சத்திரசிகிச்சையாளரும் முதியோர் வைத்தியரும் ஒரே கட்டிலருகே சேர்ந்து நிற்க வேண்டும் என்று இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரிலே மைக்கேல் டெவாஸ் என்பார் செய்து காட்டினார். இன்று முறிவு நேர்ந்து ஒன்றிரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை, அதற்கு மறுநாள் எழுந்து நிற்றல் என்பதே உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி.

1998 ஆம் ஆண்டு சனவரியிலே இங்கிலாந்து அரசியாரின் அன்னையார் குதிரை லாயமொன்றைப் பார்வையிடச் சென்றபோது விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது தொண்ணூற்றேழு. தாமதமின்றிச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின்னர் நான்காண்டுக்கு மேல் வாழ்ந்து, நூற்றொரு வயதிலே 2002 ஆம் ஆண்டு மறைந்தார். அரண்மனை வசதிகளை நமது லயத்துக்கு யார் கொண்டுவருவார் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், ‘இந்த வயதிலே கத்தி வைக்கலாமா?’ என்ற என் கேள்விக்கு அக்கிழவியார் வாழ்ந்த அந்நான்காண்டும் விடையாக நிற்கின்றன. வயது மட்டும் தடையன்று. காலந் தாழ்த்தலே பெருந் தடை.

அறிவு மயங்கிய மூன்று நாள்

அத்தைக்கு நெஞ்சுச் சளி தெளிந்த பின்னரே சத்திரசிகிச்சை நடந்தது. நான் வீணாக்கிய நாட்களுக்கு அவர் மேலும் சில நாள் வட்டி கட்டினார். முள்ளந்தண்டிலே ஊசியேற்றி, கீழுடலை மட்டும் மரக்கச் செய்து, உலோகத் தலை பொருத்தினர்.

அன்றிரவு அத்தை என்னை அடையாளங் காணவில்லை. “பிரட்டுக்கு நேரமாயிருச்சு, கூடையை எடு” என்று கட்டிலினின்றும் இறங்க முயன்றார். நாற்பது ஆண்டுக்கு முன் மறைந்த என் தந்தையாரைப் பெயர் சொல்லி அழைத்தார். மூளை கலங்கிவிட்டது என்று நான் விம்மினேன். முதிய தாதியொருவர் என்னைத் தேற்றி, இம்மயக்கம் முதியவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் பின் வருவதுண்டு என்றும், பெரும்பாலும் சில நாட்களில் தெளியும் என்றும் சொன்னார். கண்ணாடியை அணிவித்தல், பழகிய முகம் அருகே இருத்தல், பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் இருத்தல், போதிய நீர் அருந்தச் செய்தல், நோவைத் தணித்தல் என்பனவே அதற்கு நல்ல மருந்து. எதிர்வாதம் செய்து அவரைத் திருத்த முயல்வது கேடு. நான் கட்டிலருகே இருந்து, “இன்றைக்குத் தோட்டத்திலே லீவு அத்தை” என்று சொன்னேன். அவர் அமைதியுற்றார். மூன்றாம் நாள் காலை, “நீ பள்ளிக்கூடம் போகலியா தம்பி?” என்று கேட்டார். என் உயிர் மீண்டது.

இதற்கிடையே, சத்திரசிகிச்சைக்கு மறுநாளே இயன்மருத்துவர் வந்து, இருவர் தாங்க அத்தையை எழுப்பி நிறுத்தினார். நோவினால் அவர் முகம் சுருங்கியது. “விடுங்கள், பாவம்” என்று நான் தடுக்க எழுந்தேன். தங்கை என் கையைப் பற்றி, “நிக்கட்டும் அண்ணே” என்றாள். எழுத்தறிவிலே என்னினும் குறைந்தவள். இவ்வறிவிலே எனக்கு ஆசிரியை.

வீடு திரும்பிய பின்

வைத்தியசாலையின் வேலை இரண்டு வாரத்திலே முடிந்தது. வீட்டின் வேலை அங்கேதான் தொடங்கியது. நாங்கள் செய்தவற்றைச் சுருங்கச் சொல்கின்றேன்.

தரையிலே பாய் விரித்துப் படுக்கும் வழக்கத்தை விடுவித்தோம். பலகைக் கட்டிலின் கால்களுக்குக் கீழே கல்லடுக்கி உயர்த்தினோம். முழங்கால் இடுப்பினும் உயராதபடி அமரவும் எழவும் அது வேண்டும். பொருத்திய தலை நழுவாதிருக்க, குந்தியிருத்தலும், கால்மேற் கால் போடுதலும், தாழக் குனிதலும் முதன் மாதங்களிலே ஆகா என்று எச்சரித்திருந்தனர். லயத்து மலசலகூடமோ குந்துகுழி. அதுவும் வெளியே, படியிறங்கிப் போகுமிடத்தில். தச்சர் ஒருவரைக்கொண்டு பழைய நாற்காலியின் நடுவே துளையிட்டுக் கீழே வாளி வைத்தோம். முதலில் அத்தைக்குப் பெரு நாணம். “ஒங்க கையால இதையும் எடுக்கணுமா?” என்று அழுதார். “நீங்கள் எனக்கு எத்தனை வருடம் எடுத்தீர்கள்?” என்றேன். அதன்பின் அப்பேச்சு எழவில்லை.

காம்பராவுக்கும் இஸ்தோப்புக்கும் இடையிலே மூங்கிற் கைப்பிடி கட்டினோம். தரையிலே கிடந்த சாக்குகளையும் பெட்டிகளையும் அகற்றினோம். இரவில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. தேய்ந்த இறப்பர்ச் செருப்புக்குப் பதிலாகப் பின்கட்டு உள்ள செருப்பு வாங்கினோம். கண்ணைப் பரிசோதிப்பித்தபோது இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தமை தெரிந்தது. பீலிக்கரைப் பாசியை அவர் கண்டிருக்கவே மாட்டார். அவர் உட்கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரைகளையும் டாக்டர் மீளாராய்ந்து அளவைத் திருத்தினார். அவற்றால் எழும்போது தலைசுற்றுவதுண்டாம். ஒரு முறை விழுந்தவர் மீண்டும் விழுவது எளிது என்பதால், விழுந்த காரணத்தைத் தேடுவதும் வைத்தியத்தின் பகுதியேயாகும்.

உணவிலே ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீரும் போதாவென்று முட்டை, பருப்பு, பால், முள்ளோடு உண்ணும் நெத்தலி என்பன சேர்ந்தன. முற்றத்து இளவெயிலிலே அரைமணி நேரம் அமர்த்தினோம். என்பை வலுப்படுத்தும் மருந்தும் எழுதித் தந்தனர். தோட்டத்து முதிய பெண்களின் கூனலை, கூடை சுமந்ததால் வந்தது என்றே நான் எண்ணியிருந்தேன். நலிந்த முதுகென்பு தானே நசுங்குவதாலும் கூன் விழும் என்று அப்பொழுதுதான் அறிந்தேன். எத்தனை கூனல்கள் எத்தனை ஆண்டுகளாக எம்மை எச்சரித்திருக்கின்றன!

பேர் போனது யாருக்கு?

இங்கே மறைக்கலாகாத ஒன்றுண்டு. அத்தையை எழுப்பவும், நடத்தவும், குளிப்பாட்டவும் தங்கை இரண்டு மாதம் மலைக்குச் செல்லவில்லை. மலைக்குச் செல்லாத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. முதியவரின் இடுப்பு முறியுமிடத்து, நாட்கூலி வீட்டிலே ஒரு பெண்ணின் வருவாயும் உடன் முறிகின்றது. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. நல்ல சட்டம். ஆனால், புறக்கணியாது பேணுபவளின் அடுப்பு எப்படி எரியும் என்பதைக் குடும்பமும் சுற்றமுமே எண்ணுதல் வேண்டும். நானும் மைத்துனரும் எங்கள் வேதனத்திலிருந்து தங்கையின் நாட்பேரைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். அதனை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அயல் லயத்துப் பெண்கள் முறைவைத்து மாலையில் வந்திருந்தனர். அவர்களுக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் பழைய நடையைப் பெற்றுவிடுவதில்லை. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முன்னிருந்த வலிமை மீள்வதில்லை என்பர். அத்தையும் இனிப் பீலிக்குக் குடமெடுத்துப் போகமாட்டார். அதனை அவருக்கு மறைக்காமலே சொன்னோம்.

தண்டு ஊன்றி

புறநானூற்றுப் புலவர்களிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்று ஒருவர் உளர். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. முதுமையிலே, இருமலுக்கிடையே சில சொற்பேசி, பூண் கட்டிய கோலை ஊன்றிக்கொண்டு, ஆழ்ந்த மடுவிலே குதித்து மணலெடுத்து வந்த இளமையை எண்ணி இரங்குவது அவர் பாட்டு. அப்பாட்டிலே வந்த கோலே அவருக்குப் பெயராயிற்று. ஆண்டுதோறும் இதனை இரங்கற் பாட்டென்றே மாணாக்கருக்கு விளக்கிவந்தேன். இளமை போயிற்று, கோல் வந்தது என்பேன்.

சென்ற தைப்பொங்கலன்று காலை, நான் லயத்துப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அத்தை இஸ்தோப்பிலே நின்றுகொண்டிருந்தார். கொய்யாக் கம்பொன்றைத் தங்கை செதுக்கி, நுனியிலே இறப்பர் பொருத்திக் கொடுத்திருந்தாள். ஒரு கையில் அக்கோல். மறு கை மூங்கிலின்மேல். மழை ஓய்ந்து தெளிந்த அந்நாளிலே, மலைக்குக் கீழே தென்புறத்துச் சமவெளி நெடுந்தூரம் விரிந்து கிடந்தது. அத்தை அதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு எட்டு வெச்சேன் தம்பி. நாளைக்கு அஞ்சு வெப்பேன்” என்றார்.

மறுவாரம் வகுப்பிலே அப்பாட்டு வந்தது. கோலை ஊன்றியேனும் அம்முதியவர் நிற்கின்றார், படுக்கவில்லை என்று மாணாக்கருக்குச் சொன்னேன். உங்கள் வீட்டிலே யாரேனும் விழுந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றும் சொன்னேன். பின்வாங்கிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, தன் அப்பாயி மூன்று நாளாகப் பாயிலே கிடக்கிறார் என்றாள். பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, அவளுடைய வீட்டாருக்குத் தொலைபேசினேன்.